சம்பந்தியோடு பத்தொன்பது நாள்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அப்பாவும் நலம். முந்தாநாள் என் இடது கால் பெருவிரல் நகம் கழன்று விழுந்தது, வலது குதிகாலில் கொப்புளத்தின் மேல் கொப்புளம், இடுப்பு என்று ஒன்று இருக்கிற இடம் காலையில் தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. இவை தவிர நலம். உங்கள் அப்பா முழு நலம். அவருக்கு எதுவும் ஆகாது. உங்கள் அம்மாவின் மூட்டு வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். ஆசீர்வாதம் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். பாத யாத்திரை தொடங்குகிற இடத்திலேயே எங்கள் போன்களை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மலை ஏறி, தரிசனம் முடிந்து, கீழே இறங்கினால்தான் திருப்பித் தருவார்களாம். அதுவரை வெளியுலகத்தோடு பேச வேண்டுமென்றால் தபால்தான். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் கூட வருகிறவரோடு பேசிக்கொள்ளலாம் என்று அங்கிருந்தவர் சிரித்தபடி சொன்னார். கூட வருகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் என் மகள் ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது உங்களுக்குத் தெரியும். பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று நீங்கள் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்காரர்களும் மூன்று தடவை கூடிப் பேசினோம். பேசினோம் என்றால் நான் பேசினேன், உங்கள் அம்மா அழுதார், உங்கள் அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டர் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொண்டு இந்த இருபத்திரண்டு நாள் நடையை நடந்து முடித்தால் சின்னவர்கள் ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்பது என் யோசனைதான். யாரும் என்மேல் திணிக்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், அதுபோல நானே போட்டுக்கொண்டது. உங்கள் அப்பா கேட்ட மாத்திரத்தில் “சரி” என்றார். பெண் பார்த்துவிட்டுப் போய் “சரி” சொல்ல ஒன்பது மாதம் எடுத்துக்கொண்ட மனிதர்! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இந்த வழியில் ஒரு விதி இருக்கிறது. தனியாக யாரும் நடக்கக் கூடாது, துணையோடுதான் நடக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். ஒவ்வொரு நாளும் விடுதி போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரும் எழுத்தர் முன்னால் ஒன்றாக நின்று, ஒரே பக்கத்தில் அருகருகே கட்டைவிரல் ரேகை வைத்தால்தான் முத்திரை குத்துவார்கள். முத்திரை விழுந்தால்தான் கட்டில், போர்வை, சாப்பாடு எல்லாம். ஒருவர் இல்லையென்றால் மற்றவரும் இல்லாதவர் கணக்கு. படிவத்தில் ‘துணைக்கு வருபவர் உங்களுக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சம்பந்தி’ என்று எழுதினேன். பதிவு செய்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஏற்றி ஒரு தடவை உங்கள் அப்பாவைப் பார்த்தார். “நண்பர்னு போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம், பொய் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவன். வண்டி எப்போ வரும், எந்த பிளாட்பாரம், கழிப்பறை எங்கே, என் புருஷன் இந்தப் பக்கம் போனாரா, எது கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னவன். எனக்குப் பேச்சு என்பது மூச்சு. உங்கள் அப்பா அதே முப்பத்தொரு வருஷமும் நிலம் அளந்தவர். நிலம் வாய் திறக்காது. அவருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தோம், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் நாளே அவர் எனக்குப் பத்தடி முன்னால் போனார். எட்டு அல்ல, பன்னிரண்டு அல்ல, பத்து. நான் வேகம் கூட்டினால் அவரும் கூட்டினார். நான் நின்று செருப்பில் கல் எடுத்தால் அவரும் நின்று மரத்தைப் பார்த்தார். நான் தொடங்கினால் அவரும் தொடங்கினார். பத்தொன்பது நாளாக நான் பார்த்துக்கொண்டு வருகிற காட்சி மலையும் அல்ல, காடும் அல்ல, உங்கள் அப்பாவின் முதுகு. அந்த முதுகில் எத்தனை மடிப்பு விழும், வியர்வை முதலில் எந்தத் தோளில் நனையும் என்று நான் பரீட்சை எழுதுவேன். மூன்றாம் நாள் ஓடிப்போய் வழியை மறித்துக்கொண்டு கேட்டேன்.

“சம்பந்தி, பையன் என்னதான் நினைக்கிறான்? உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?”

அவர் நின்றார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகினார். நன்றாக மூடியதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“மழை வரும்போல இருக்கு,” என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் விடவில்லை. ஏழாம் நாள் வரை தினமும் கேட்டேன். “நம்ம பிள்ளைங்க விஷயத்துல உங்க அபிப்பிராயம் என்ன?” என்றால் ஷூ நாடாவைக் கட்டுவார். “தப்பு என் பொண்ணு மேலன்னே வச்சுக்குவோம், ஒரு பேச்சுக்கு” என்று நானே இறங்கிப் போனால் “நடப்போம்” என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது. விடுதி அறையிலும் இதே கதைதான். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு வாளி. இரண்டு கட்டிலுக்கும் நடுவே அவர் சாண் போட்டு அளந்து என் கட்டிலை நான்கு விரற்கடை தள்ளினார். ஏன் என்று சொல்லவில்லை. ஜன்னலை நான் திறந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மூடினார், நான் மூடினால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து திறந்தார். துவைத்த காலுறைகளைக் கொடியில் ஒரே இடைவெளியில் காயப்போட்டார், நடுவில் என் துண்டைப் போட்டதும் அதை எடுத்து மடித்து என் தலையணை மேல் வைத்தார். கொப்புளம் உடைந்து நான் இரண்டு நாள் நொண்டிய பிறகு, ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு களிம்பு டப்பாவை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல களிம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. “போட்டுக்கோங்க” என்று ஒரு சொல் சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்?

வழியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவரும் அவர் மனைவியும் எங்களோடு நான்கு நாள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். அந்த அம்மாள் வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே நடந்தார், அவர் வழியெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே நடந்தார், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த அம்மாள் என்னிடம், “நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, சம்பந்திங்க.”

“அடக் கடவுளே,” என்றார். “என்ன பாவம் பண்ணினீங்க?”

பதினொன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளாவது என் முதுகை அவர் பார்க்கட்டும் என்று, அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தையும் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. பதினெட்டு கிலோமீட்டர், பாதி வழியில் கொட்டுகிற மழை, குடைக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். ஒரு மணிக்கே விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, வெற்றி வீரன் மாதிரி புத்தகத்தை எழுத்தர் முன்னால் விரித்து வைத்துக் கட்டைவிரலை மை அட்டையில் அழுத்தினேன்.

“துணை எங்க?” என்றார் எழுத்தர்.

“பின்னாடி வர்றாரு.”

“அப்ப அவரு வந்ததும் வாங்க.”

“நான் வந்துட்டேனே, என்னை மட்டும் பதிஞ்சுக்கக் கூடாதா?”

“நீங்க இன்னும் வரல சார்,” என்றார், எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை, கட்டைவிரலில் மையோடு வராந்தா பெஞ்சில் நாலே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சாப்பாட்டு வாசனை. போகிற வருகிறவர்கள் எல்லாம் யாரோ கைவிட்டுவிட்டுப் போன கிழவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு அம்மாள் பிஸ்கட் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். ஐந்தேகாலுக்கு உங்கள் அப்பா வந்தார். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, கண்ணாடியில் தண்ணீர் வழிய வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர். கத்தப்போகிறார், குடையைப் பிடுங்கி என்னை அடிக்கப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்கக் காய்ந்த துணி இல்லாததால் இன்னும் மங்கலாக்கி மாட்டிக்கொண்டார், எழுத்தர் முன்னால் போய்க் கட்டைவிரலை நீட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் ஒரு வார்த்தை இல்லை. நான் “மன்னிச்சுக்கோங்க சம்பந்தி” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் எனக்கு என் மகள் ஞாபகம் வந்தாள். கல்யாணமான இரண்டாவது வருஷம் போனில் சொன்னாள்: “அவரு திட்டினாக்கூடத் தேவலப்பா. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “திட்டாத புருஷன் கிடைச்சதுக்கு நீ கையெடுத்துக் கும்பிடணும்” என்றேன். மூன்றாவது வருஷம் ஒரு தடவை, “நான் சமையல்கட்டுல வழுக்கி விழுந்தேம்ப்பா, பார்த்தாரு, மருந்தை மேஜைமேல வச்சுட்டு ஆபீஸ் போயிட்டாரு” என்றாள். “வச்சுட்டுத்தானே போனாரு” என்றேன். நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷமாக அவள் போன் பண்ணுகிறபோதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன், கவுண்டரில் தொங்குகிற அட்டவணை மாதிரி. “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.” சொல்லும்போது டிவி சத்தத்தைக்கூடக் குறைத்ததில்லை. ஊர் பேர் தெரியாதவன் வந்து கேட்டால் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி வழி சொன்ன நான், பெற்ற பெண் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. அவள் ஆறு வருஷம் அனுசரித்ததை என்னால் பதினொரு நாள்கூட அனுசரிக்க முடியவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அது நாகரிகம், உண்மையாகாது. ஆனால் விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா? உங்கள் அப்பாவோடு பத்தொன்பது நாள் இருந்துவிட்டு உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நான் இந்த நடையைத் தொடங்கினேன். இப்போது சொல்கிறேன், வர வேண்டாம். என் பெண்ணை நான் அனுப்ப மாட்டேன். அவள் என்னிடம் பிரிந்துவிடுகிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை அவள் கேட்கக் காத்திருக்கப் போவதில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக நானே வக்கீலைப் பார்த்து, நானே அவள் பக்கத்தில் நின்று, அவள் விரும்பினால் கையெழுத்துப் போடச் சொல்வேன். நான் அவளுக்குச் செய்கிற முதல் உருப்படியான காரியம் இது என்று நினைக்கிறேன். நீங்களும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேச வேண்டியதில்லை, அதுதான் உங்களுக்கு வசதி.

வாக்குக் கொடுத்தபடி ஆசீர்வாதம். நீங்கள் எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டு, யாரிடமாவது நாலு வார்த்தை பேசிக்கொண்டு இருங்கள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர் இந்த மனிதரோடு முப்பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் வணக்கம் போதாது.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முதலில் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும் என்று இந்த விடுதி எழுத்தரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவர் மேஜையில் இருந்த போனில் மூன்று நிமிஷம் வாங்கினேன். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை என்றாலும் அப்படியே எழுதுகிறேன்.

“அம்மாடி, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நீ அங்க திரும்பிப் போக வேண்டாம்.”



“அப்பா,” என்றாள். “நாங்க போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டோம்.”

“நாங்கன்னா?”

“நானும் அவரும்தான். சேர்ந்தே மனு கொடுத்தோம்.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேட்கலப்பா. நீங்க ஊர்ல இருந்தா கோர்ட் வாசல் வரைக்கும் வந்து அனுசரிச்சுப் போகச் சொல்லியிருப்பீங்க. அதான் நீங்க கிளம்பற வரைக்கும் காத்திருந்தோம்.”

“இப்ப நான் அதையேதானேம்மா சொல்ல வந்தேன். பிரிஞ்சுடுன்னு.”

“சரிப்பா,” என்றாள். “கால் எப்படியிருக்கு?”

ஆக, நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒன்பது நாளாகிறது, நான் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ‘மாப்பிள்ளை’ என்று தொடங்கியதும் இனிச் சரியா என்று தெரியவில்லை. அடித்துவிட்டு எதை எழுதுவது என்றும் தெரியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அறைக்குப் போனேன். உங்கள் அப்பா சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தார், ஸ்கேல் என்கிற இடத்திலும் நிற்கவில்லை.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா. அப்பாவுக்குச் சொல்லாதீங்க மாமான்னு கேட்டுக்கிட்டா. எனக்குப் பொய் சொல்ல வராது சம்பந்தி. நீங்களோ விடாம கேட்கிற ஆளு. பேச்சுன்னு ஆரம்பிச்சா எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்கும். அதான் வாயை மூடிக்கிட்டு முன்னாடியே நடந்தேன்.”

அத்தனை வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன், கொடுங்கள் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றார். “என்னைப் பத்தி எழுதினதெல்லாம் சரிதான். அவன் படிக்கட்டும்” என்று நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பின்குறிப்பை எழுதத்தான் திரும்ப வாங்கியிருக்கிறேன். இன்னும் மூன்று நாள் நடை பாக்கி. யாருக்காக வேண்டிக்கொண்டு நடக்கிறோம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து என் மகள் அவ்வளவு தூரம் போய், எந்த மனிதரைப் பற்றி நான் இத்தனை பக்கம் புலம்பினேனோ, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கேட்டேன். மூன்று மணி நேரம் என்றார்.

“மூணு மணி நேரமா? என்ன பேசினீங்க?”

“நான் எங்க பேசினேன். அவதான் பேசினா. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

உங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. “சொன்னா,” என்றார்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.